நாய்க்குட்டிக்குக் குச்சி வேண்டாம்... முட்டைத் துண்டு போதும்!

பொழுது சாயும் நேரத்தில் ஒரு கைப்பிடி கம்பை முற்றத்தில் இறைத்து ‘பா... பா... பா...’ என்று குரல் கொடுத்தால், வேலிக்கு அந்தப் பக்கம் மேயும் கோழிகளெல்லாம் ஓடி வந்துவிடும். தவிட்டுச் சட்டியில் கை படும் சத்தம் கேட்டால் போதும், கட்டுத்தறியில் படுத்திருக்கும் மாடு எழுந்து நிற்கும். கோழிக்கும் மாட்டுக்கும் இதை யாரும் அடித்துச் சொல்லித் தரவில்லை. வந்தால் கிடைக்கும் என்று அவையாகவே தெரிந்துகொண்டன.

அதே வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தால் மட்டும், மறுநாளே வேப்பங்குச்சி ஒன்று ஒடிக்கப்பட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘அடியாத மாடு படியாது’ என்பார்கள். அடித்தால் கறவை மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது கறக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் மாட்டிடமே இந்தப் பழமொழி இன்று அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை. நாயிடம்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மூன்று ஏக்கர் நிலக்கடலை, கொஞ்சம் எலுமிச்சை, பத்து வெள்ளாடு, இருபது நாட்டுக்கோழி. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் உண்டு. கன்னி இனத்துக் கலப்பு. மூன்று மாதக் குட்டியாக வந்தபோது திண்ணையில் சிறுநீர் கழித்ததற்கு ஓர் அடி, செருப்பைக் கடித்ததற்கு ஓர் அடி, கோழியை விரட்டியதற்கு நாலு அடி என்று வாங்கி, கடைசியில் புளியமரத்தடியில் சங்கிலியில் கட்டப்பட்டது. மூன்று வருடம் அந்தச் சங்கிலிதான் அதன் உலகம். நன்றாகக் குரைக்கிறது, காவலுக்கு இது போதும் என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள்.

பள்ளி விடுமுறைக்கு வந்த ஆறு வயதுப் பேத்தி, கவிழ்ந்து கிடந்த சோற்றுச் சட்டியை நிமிர்த்தி வைக்கக் குனிந்தாள். நாய் கையைக் கடித்துவிட்டது. நல்லவேளையாக ஆச்சி பதறாமல், குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். மஞ்சளோ, சுண்ணாம்போ, காபித்தூளோ வைக்கவில்லை. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி. பிறகு 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று மொத்தம் நான்கு தவணை. நாயைப் பத்து நாள் கண்காணித்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழந்தை அதன்பிறகு தோட்டத்துக்கு வருவதென்றாலே அழ ஆரம்பித்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், “இனிமே அந்த வீட்ல நாய் இருந்தா நாங்க வரமாட்டோம்ப்பா” என்று சொல்லிவிட்டார்.

தாத்தாவின் சங்கடம் வேறு. கடலை முற்றும் சமயத்தில் இரவில் பன்றி இறங்குகிறது. மோட்டார் வயர் ஒருமுறை திருட்டுப் போயிருக்கிறது. நாய் இல்லாமல் தோட்டத்தில் படுக்க முடியாது. இன்னொரு குட்டி வாங்குவது என்று முடிவானபோது, ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “இந்தக் குட்டி மேல ஒரு அடி விழக்கூடாது. பிள்ளை தொட்டா வாலாட்டணும்.”

அடிக்காமல் எப்படி வளர்ப்பது என்று கேட்கத்தான் அவர்கள் கால்நடை மருந்தகத்துக்குப் போனார்கள்.

எந்த வயதில் எடுப்பது?

அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, “ஐயா, குட்டி பிறந்து எத்தனை நாள் ஆச்சு?” என்பதுதான். நம்மூரில் 30 நாளிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கண் திறந்து, நடந்து, பால் நக்கிக் குடித்தால் போதும் என்று நினைப்பு. உண்மையில் எட்டு வாரம் வரை குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். ‘பல்லை இவ்வளவுதான் அழுத்தலாம்’ என்ற கணக்கைக் குட்டி கற்றுக்கொள்வது அப்படித்தான். 30 நாளில் பிரிந்து வந்த குட்டிக்கு அந்தக் கணக்கு சரியாகத் தெரியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதெல்லாம் வாழ்நாள் முழுக்க அதற்குச் சாதாரணம். பார்க்காதது பயம். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரின் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965-ல் புத்தகமாக எழுதினார்கள். அங்கே நடந்த சோதனைகளில், பதினான்கு வாரம் வரை மனிதக் கையே படாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்கு மாதிரி ஆகிவிட்டன. பிறகு எவ்வளவு கொஞ்சியும் முழுமையாகப் பழகவில்லை. நாற்றங்காலில் விட்ட குறையை நட்ட வயலில் உரம் போட்டுச் சரிக்கட்ட முடியாது என்பது விவசாயிக்குப் புதிதல்ல.

அதனால் எட்டு வாரத்தில் வந்த குட்டிக்கு அடுத்த ஆறு வாரம் பொன்னான காலம். டிராக்டர் சத்தம், பம்ப்செட் சத்தம், குடை விரிப்பது, தலைப்பாகை கட்டியவர், பைக்கில் வரும் பால்காரர், ஓடி விளையாடும் சிறுபிள்ளைகள், ஆடு, மாடு எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்க்கட்டும். பயந்தால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. தடுப்பூசிகள் முடியும்வரை தெருநாய்கள் திரியும் இடத்தில் தரையில் இறக்கிவிடாமல், கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்தது ஒரு சிப்பிப்பாறைக் குட்டி. எட்டு வாரம் முடிந்து வந்தது. வரும்போதே தாய் படுத்திருந்த பழைய சாக்கில் ஒரு துண்டு வாங்கி வந்தார்கள். அந்த வாசனை கூட இருந்தால் முதல் இரண்டு மூன்று இரவு அழுகை குறையும்.

திண்ணை ஈரம்

தோட்டத்து வீட்டில் நாய் எங்கே போனால் என்ன என்று தோன்றும். களத்தில் காயும் கடலை மேல் போனால்தான் அருமை தெரியும். பேத்தி படுக்கும் பாயிலும் போகும்.

நல்ல செய்தி என்னவென்றால், குட்டிக்கு இந்தச் சுத்தம் பாதி தெரிந்தேதான் வருகிறது. பிறந்த முதல் மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீரே வரும். தாயே சுத்தம் செய்துவிடும். நடக்கத் தொடங்கியதும், படுத்த இடத்தை விட்டு விலகிப் போய்க் கழிக்க அதுவாகவே ஆரம்பிக்கிறது. ‘படுக்கை’ என்பதை ‘வீடு’ என்று கொஞ்சம் விரித்துக் காட்டுவதுதான் நம் வேலை.

இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள், விளையாடி முடித்ததும் அதற்கு வரும். மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்துகொண்டு வட்டமிட்டால் இன்னும் சில நொடிதான். இந்த நேரங்களில் அதை ஒரே இடத்துக்கு, ஒரே வழியாகக் கூட்டிப் போக வேண்டும். அந்த வீட்டில் வேலியோரம் வேப்பமரத்தடி. அங்கே நின்றுகொண்டு பேச்சுக் கொடுக்கக் கூடாது, விளையாட்டுக் காட்டக் கூடாது. அது போய் முடித்த அந்த நொடியில் “சபாஷ்!” என்று சொல்லி, அவித்த முட்டையில் ஒரு துண்டு. அப்புறம் கொஞ்ச நேரம் விளையாட்டு.

‘அந்த நொடி’ என்பதுதான் இதில் எல்லாம். வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்தால், திண்ணையில் ஏறியதற்குக் கிடைத்தது என்று குட்டி நினைத்துக்கொள்ளும். அடிக்கும் இதே கணக்குத்தான். காலையில் போன ஈரத்தைப் பத்து மணிக்குப் பார்த்து, இழுத்து வந்து மூக்கை அதில் தேய்த்து அடிக்கிறார்கள். குட்டிக்கு ஈரம் நினைவில்லை. மனிதர் வந்தார், அடி விழுந்தது; அவ்வளவுதான் புரிகிறது. போகும்போதே பார்த்து அடித்தாலும், ‘இவர்கள் கண் முன்னால் போகக் கூடாது’ என்றுதான் கற்றுக்கொள்ளும். பிறகு வேப்பமரத்தடியில் அரை மணி நின்றாலும் போகாது. உள்ளே வந்து நெல்மூட்டைக்குப் பின்னால் போகும். அடி வாங்கிய நாய் ‘குற்ற உணர்ச்சியோடு’ தலையைத் தொங்கப் போடுவதாகச் சொல்வார்கள். அது நம் முகத்தைப் பார்த்து வரும் பயம்.

தப்பு நடக்கும். நடக்கும்போது பார்த்தால் கையைத் தட்டி, தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். மிச்சத்தை அங்கே முடித்தாலும் பரிசு உண்டு. பார்க்காவிட்டால் சத்தமில்லாமல் துடைக்க வேண்டும். சிமெண்ட் தரையில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு வினிகர் கலந்த தண்ணீர். அம்மோனியா வாடை உள்ள கழுவும் திரவம் வேண்டாம். சிறுநீரிலும் அந்த வாடைதான் இருக்கிறது. மண் தரையென்றால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டு நேரம் ஒழுங்கானால் மற்றதும் ஒழுங்காகும். மூன்று மாதம் வரை நாளைக்கு மூன்று, நான்கு வேளை. குறித்த நேரத்தில் வைத்து, கால் மணியில் சட்டியை எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கச் சோறு கிடந்தால் நாள் முழுக்க வயிறு ஓடும். பசும்பாலை நிறைய ஊற்றுவதும் பேதிக்குக் காரணம். பேதியோடு இருக்கும் குட்டியைச் சுத்தம் பழக்க யாராலும் முடியாது.

இரவில் குட்டி திரும்பிப் படுக்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டியோ, பெரிய கூடையோ போதும். படுக்கிற இடத்தை நனைக்க விரும்பாமல் முனகும். அப்போது எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும். முதல் இரண்டு வாரம் நடு இரவில் ஒருமுறையாவது எழுந்திருக்கத்தான் வேண்டும். தண்ணீர் முறைக்கு இரவில் எழுந்து மோட்டார் போட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. அந்த வீட்டில் நாலு வாரத்தில் திண்ணை காய்ந்துவிட்டது. சில குட்டிகளுக்கு நாலு மாதம்கூட ஆகும்.

விளையாட்டும் பல்லும்

ஓர் அவித்த முட்டையில் கடலைப்பருப்பு அளவில் முப்பது துண்டாவது வரும். அவித்த ஈரலும் ஆகும். கருவாடு என்றால் உப்புப் போகத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. அவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கூப்பிட்டால் வருவதுதான் தோட்டத்து நாய்க்கு முதல் பாடம். அதற்கு ஒளிந்து பிடித்து விளையாடினாலே போதும். ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பெயர் சொல்லி ‘வா’ என்று கூப்பிட வேண்டும். தேடி வந்தால் முட்டை. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வது முக்கியம். தாத்தா ‘வா’ என்பார், மகன் ‘கம்’ என்பார், பேரன் விசிலடிப்பான் என்றால் குட்டி எதை நம்பும்? (ஊரில் பாதி நாய்கள் டைகர் என்ற பெயரோடு இங்கிலீஷில் உத்தரவு வாங்கிக்கொண்டிருக்கின்றன. சிப்பிப்பாறைக்கு ‘உட்காரு’ என்றாலே புரியும்.) கூப்பிட்டு வரவழைத்து ஒருநாளும் திட்டவோ அடிக்கவோ கூடாது. ஒரே ஒருமுறை அப்படி ஏமாந்தால், பாம்பு கிடக்கும் வரப்பில் ‘வா’ என்று கத்தும்போது அது வராது.

குட்டி கையைக் கடித்தால் ஒன்றும் சொல்லாமல் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட வேண்டும். கூடப்பிறந்த குட்டிகள் செய்ததும் அதைத்தான். அரை நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, கைக்குப் பதில் முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுக்கலாம். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும். எதைக் கண்டாலும் கடிக்கும். சொட்டுநீர்க் குழாய்க்கு வரும் சேதம் பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான். ‘பழசுதானே’ என்று கிழிந்த செருப்பையும் வெட்டிப்போட்ட லேட்டரல் துண்டையும் விளையாடக் கொடுப்பார்கள். பழைய குழாய்க்கும் நேற்றுப் போட்ட குழாய்க்கும் குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. ஈரத்துணி முடிச்சு, தோல் சீவிய கேரட் இவை போதும். பூச்சிமருந்து டப்பாவை வெட்டித் தண்ணீர் வைக்கும் பழக்கம் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது விஷம்தான்.

பேத்தி திரும்பி வர மூன்று மாதம் ஆனது. முதல் நாள் தாத்தாவின் தோளை விட்டு இறங்கவில்லை. முட்டைத் துண்டை எறிந்து போடுவதுதான் அவள் வேலை என்றார் ஆச்சி. தோளில் இருந்தபடியே எறிந்தாள். மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து “உட்காரு” என்று சொல்லிப் பார்த்தாள். குட்டி உட்கார்ந்தது. “தாத்தா, எம்பேச்சைக் கேக்குது!” என்று அவள் கத்தியது பம்ப்செட் வரை கேட்டதாம். அதற்காக இருவரையும் தனியே விட்டுவிடவில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கான பாடம். நாய்க்கும் ஒரு பாடம் உண்டு: சட்டிப் பக்கம் யாராவது வந்தால் சட்டியில் கூடுதலாக ஒரு துண்டு விழும். தாத்தா தினமும் அதைச் செய்தார். சட்டியை நோக்கி வரும் கை பிடுங்க வரவில்லை, போட வருகிறது என்று ஆகிவிட்டால் பல் காட்ட வேலையில்லை.

கோழியும் முயல் வேட்டை ரத்தமும்

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் வேட்டை இனங்கள். ஓடுகிற எதுவும் முயல்தான். இதைக் குற்றமாக எடுத்துக்கொண்டு அடித்தால், ஆள் இருக்கும்போது சும்மா இருந்துவிட்டு ஆள் இல்லாதபோது பிடிக்கும். பத்தடி பருத்திக் கயிற்றில் குட்டியைப் பிடித்துக்கொண்டு, கோழி மேயும் இடத்திலிருந்து முப்பதடி தள்ளி உட்கார வேண்டும். கோழியைப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பினால் ‘சபாஷ்’, துண்டு. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வாரத்துக்குக் கொஞ்சமாக நெருங்கலாம். ஒரு வயது ஆகும்வரை கோழிகளோடு தனியே விடாமல் இருப்பது நல்லது. சில நாய்கள் கடைசி வரை நம்பத் தகுதியில்லாமல் போகும். அந்த வீட்டில் கோழிக்குக் கம்பிவலை அடிப்பதுதான் வழி.

ராஜபாளையம் இனம் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அஞ்சல் துறை 2005-ல் தபால்தலை வெளியிட்ட நான்கு நாய் இனங்களில் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அந்த முழு வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வருகிறது. ‘கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது, திமிரு’ என்று அடி வாங்கும் வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவையும் இருக்கும். குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினால் ஓரளவு தெரிந்துவிடும். அப்படிப்பட்ட குட்டிக்குக் கை ஜாடையால் எல்லாவற்றையும் பழக்கலாம். ‘சபாஷ்’ என்பதற்குப் பதில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் போதும். தூங்கும்போது திடீரென்று தொடாமல், தரையைத் தட்டி எழுப்ப வேண்டும்.

புளியமரத்தடி

பழைய நாயை என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் தாத்தா தயங்கித் தயங்கித்தான் கேட்டார். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தார். “சங்கிலியை முதல்ல நீளமாக்குங்க ஐயா. காலையும் சாயந்திரமும் கயிற்றில பிடிச்சு வரப்பைச் சுத்தி வாங்க” என்றார் அவர். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், எந்நேரமும் கட்டிவைக்கப்படும் நாயை நடக்க, ஓட விடாமல் வைத்திருப்பது குற்றம் என்று தனிப்பிரிவே உண்டு. குட்டிக்குச் செய்த சட்டிப் பாடத்தையே அதற்கும் செய்தார்கள். பத்தடி தள்ளி நின்று எறிந்து தொடங்கி, பக்கத்தில் வர இரண்டு மாதம் பிடித்தது. இப்போது தாத்தாவைப் பார்த்தால் வாலாட்டுகிறது. பேத்தியை அதன் பக்கம் விடுவதில்லை, இனியும் விடப்போவதில்லை. இரவில் கடலைக்காட்டைச் சுற்றுவது அந்த நாய்தான்.

குட்டியின் தடுப்பூசி அட்டை அந்த வீட்டில் மாட்டுக் காப்பீட்டுத் தாளோடு சேர்ந்து பீரோவில் இருக்கிறது. குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில், பிறகு டாக்டர் சொல்லும் நாளில் ஊக்கத் தவணை, அதன்பின் வருடா வருடம். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம். 1885-ல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள் அது. அதையொட்டிப் பல ஊர்களில் கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம் நடக்கும். போகும்போது பையில் இரண்டு அவித்த முட்டை எடுத்துப் போக வேண்டும். ஊசிக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் கொடுத்தால், அடுத்த வருடம் மருந்தகப் படியில் இழுத்து ஏற்ற வேண்டியிருக்காது.